நடைத்துணை

கடைக்காரர் கான்வாஸ் ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு, "நடந்து பாரும்மா" என்றார். கிருஷ்ணம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கடைக்குள்ளேயே நாலு எட்டு வைத்தாள்.

"அம்பத்தொம்போது வயசுல ஷூ. ஊர்ல சிரிக்கமாட்டாங்களா, முரளி நைனா?" மகன் முரளியின் அப்பா என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சிரிக்கட்டும். டாக்டரு இன்னா சொன்னாரு? தெனமும் நடந்தா வயித்துவலி தானா பூடும்னாரா, இல்லியா?" என்றேன்.

"உங்களாண்டதானே சொன்னாரு" என்றாள்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், திருப்பதி ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வயிற்றில் கட்டி, ஈரல்வரை போய்விட்டது, இன்னும் மூன்று மாதம் என்றார். ஒரு சொல்கூட வெளியே கேட்டிருக்காது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், புரட்டாசி முதல் வாரம். எங்கள் ஒரே மகன் முரளி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவனுக்குத் தீபாவளிக்குத்தான் லீவு. அவன் வரும்வரை அவளுக்கு விஷயம் தெரியக்கூடாது, பயமில்லாமல் இருக்கட்டும் என்று எஸ்.டி.டி. பூத்தில் நின்று நானும் அவனும் பேசி முடிவு செய்தோம். நடை என்ற பொய் எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு ஷூ வாங்காமல் இருக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பும் நகரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நிபந்தனை போட்டாள். "தனியால்லாம் போமாட்டேன். நீங்களும் வந்தாத்தான் நடப்பேன்."

எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. நடக்கச் சொல்லி அவள் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோயிருந்தாள். ஒருநாளும் நான் அசைந்ததில்லை. அன்றைக்கு உடனே தலையாட்டினேன்.

தெருக்கோடியில் இருந்த சின்னக் குளத்தைச் சுற்றி நடந்தோம். ஒரு சுற்றுக்கு நூற்றிருபது காலடி, இன்றைக்கும் அதேதான். காலையில் இருபது சுற்று என்று அவளே கணக்கு வைத்தாள்.

முதல் நாளே ஓய்வுபெற்ற லைன்மேன் கமலக்கண்ணன் பிடித்துக்கொண்டான். "இன்னா நாகபூஷணம், அண்ணிக்கு ஷூ, உனக்கு ரப்பர் செருப்பா? பந்தயத்துக்கு யாரு போறது?"

"ஓடறது அவரு. நான் டிரில் மாஸ்டரு" என்றாள் கிருஷ்ணம்மா.

எதிர்க்கரை எங்கள் பழைய தறி ஷெட்டின் நீளத் தூரத்தில்தான் இருக்கும். முப்பது வருஷம் அந்த ஷெட்டில் எட்டு பவர்லூம் ஓட்டினோம். அந்தச் சத்தத்தில் காதுக்கு வேலையில்லை. அவள் ஒரு கோடியிலும் நான் மறுகோடியிலும் நின்று, நூல் அறுந்ததிலிருந்து மத்தியானக் குழம்புவரை வாயசைவிலேயே பேசிக்கொள்வோம். முரளி சம்பாதிக்க ஆரம்பித்ததும் தறிகளை விற்றுவிட்டோம். "இப்பத்தான் நம்ம தெருவுக்குக் காது கேக்குது" என்று சிரிப்பாள்.

நடையோடு விடவில்லை. "எனக்குப் பத்தியம்னா உங்களுக்கும் பத்தியம்" என்றாள். காபியில் சர்க்கரை நின்றது. ராத்திரிச் சோறு போய்க் கேழ்வரகு அடை வந்தது. அவள் எதைச் சொன்னாலும் தட்டும் தெம்பு எனக்கில்லை.

ஒரு மாதம் கழித்து என்னை லேபுக்கு அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தாள். இருநூற்றெண்பதில் இருந்த சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தது. சீட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டிலெல்லாம் காட்டினாள். நோய் தெரியாததால் வந்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. அவள் பாதி ஆளாகியிருந்தாள். இருபது சுற்று பன்னிரண்டாகி, ஐந்தாகியது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, முதல் சுற்று முடிவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஆவல. நீங்க சுத்திட்டு வாங்க, பாத்துக்கினு இருக்கேன்."

"வாணாம் கிருஷ்ணம்மா, வூட்டுக்குப் பூடலாம்."

"இருபதையும் முடிச்சாத்தான் வூடு."

தனியாக நடந்தேன். எதிர்க்கரைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். இவ்வளவு தூரத்தில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று, சத்தம் வராமல் முணுமுணுத்தேன். "மூணு மாசம்னாரே டாக்டரு. முரளி வர்ற வரைக்குமாச்சும் வுட்டு வைக்கக்கூடாதா, சாமி?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். படியில் அவள் வாய் அசைந்தது. குரல் எழவில்லை. தறிகளை விற்ற பிறகு அவள் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

"அழுவாதீங்க. டாக்டரு கதவச் சாத்திக்கினு சொன்னாரே, அன்னிக்கே அவரு வாயில எல்லாம் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா இத்தினி நாளு நடந்த?" என் வாயும் சத்தமில்லாமல்தான் கேட்டது.

சிரித்தாள். போங்க, போங்க என்று கையை வீசினாள்.

"எனக்கு நடந்து இன்னா ஆவப்போவுது? உங்கள நடக்க வெக்கத்தான் வந்தேன்."