குகை வாசலில் வகுப்பு

மரங்களையெல்லாம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு எரித்தே தீர்த்ததில் அந்தக் காட்டில் மழை தாறுமாறாகிவிட்டது. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. மூன்றாம் முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் வெள்ளம் புகுந்ததும் முள்ளம்பன்றி டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்ச் சிங்கராஜாவின் குகை வாசலிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டாள்.

ஓணான் மந்திரி பதறி ஓடிவந்தார். "என்னம்மா இது? ராஜா தூங்குகிறார்!"

"அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வேறெங்கே படிக்கிறதாம்?" என்றவள் பிள்ளைகளிடம் திரும்பினாள். "'கரிமூட்டங்களை அணைப்பேன், பள்ளிக்கூடத்தை மேட்டுக்கு மாற்றுவேன்.' இதைச் சொன்னது யார்?"

"சிங்கராஜா!"

"யாரிடம் சொன்னார்?"

"நம்மிடம்!"

"எப்போது?"

"போன வெள்ளத்தில்!"

"அதற்கு முந்தின வெள்ளத்திலும், டீச்சர்!" என்றது கீரிக்குட்டி.

"சபாஷ். எல்லோரும் இன்னொரு முறை, சத்தமாக!"

எட்டு நாள் இதே பாடம் நடந்தது. ஒன்பதாம் நாள் ராஜா கண் சிவக்க வெளியே வந்தார். டீச்சரின் முட்கள் சிலிர்த்து நின்றன.

"அங்கே பார்," என்றார் ராஜா, அலுத்துப்போய்.

மேட்டில் யானைகள் கூரை வேய்ந்துகொண்டிருந்தன. மேற்கே கரிப்புகையைக் காணோம். டீச்சர் பெருமூச்சு விட்டாள். முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"இனியாவது நான் தூங்கலாமா?"

"தாராளமாகத் தூங்குங்கள், ராஜா," என்று பிள்ளைகளைக் கிளப்பினாள் அவள். "அடுத்த மழைக்கு முன்னால் ஒருநாள் ரிவிஷன் இருக்கிறது. அதையும் இங்கேயே வைத்துக்கொள்கிறோம்."