கப்பலில் போன பிள்ளை

அமெரிக்காவிலிருந்து வந்த நோராவுக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் தாயைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். மிஷனரியின் மனைவியாக மதுரைப் பக்கம் வந்த அபிகேல், ஆறு வயது மகனைப் படிக்க வைப்பதற்காக, அமெரிக்காவுக்குத் திரும்பிய வேறொரு குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பினாள். அதன்பின் அவனைப் பார்க்கவே இல்லை. கல்நெஞ்சக்காரி என்றுதான் குடும்பத்தில் இன்றுவரை பேச்சு. நோராவும் அவளுடைய கல்லறையைப் பார்க்க வந்தாளே தவிர, பாசத்தோடு வரவில்லை.

திருமங்கலத்துக்கு அப்பால், கருவேல மரங்களுக்கு நடுவே கல்லறை இருந்தது. அதன் மேல் மஞ்சள் பூசி அரளிப்பூ வைத்திருந்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளிடம் கார் டிரைவர் சேவியர் விசாரித்தார்.

"பிள்ளை கரை சேந்த சேதி வர்றதுக்குள்ள காய்ச்சல்ல கண்ண மூடுன அம்மா சார் இது. மகன வெளிநாட்டுக்கு அனுப்புனவக எல்லாம் இங்க வந்துதான் கும்பிடுவோம். எம்மகன் சவூதியில இருக்கான்."

சேவியர் அதை நோராவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நோரா யார் என்பதைப் பேச்சியம்மாளிடம் சொன்னார். அவள் நோராவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பிள்ளை ஊரு போய்ச் சேந்துச்சா?"

சேவியர் கேள்வியை நோராவுக்கு மொழிபெயர்த்தார். அவள், "சேர்ந்தார். கிழவராகும் வரை இருந்தார்" என்றாள்.

சேவியர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சியம்மாள் கல்லறைப் பக்கம் குனிந்து, காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னாள்.

"தாயீ, ஒம்மகன் நல்லபடியா போய்ச் சேந்துட்டானாம். பேத்தி வந்து சொல்லுது."