நேற்று மாலை எழுதிய வரி

பூந்தமல்லி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்மேல் கிடத்தியிருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு தப்ரேஸுக்கு அசைவது வலக்கை விரல்களும் கண்ணிமைகளும்தான். அந்த விரல்களால் மவுஸை நகர்த்தி, திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத்தான் அவன் பேசுவான். இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்து மவுஸ் வேலை செய்யவில்லை. மனைவி ஜரினா பிடுங்கிப் பிடுங்கிச் செருகிச் சலித்துவிட்டாள். அவள் தம்பி நஜீர் வாங்கிவந்த புது மவுஸும் செத்துக் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது லினக்ஸ். வேலைக்குப் போன காலத்தில் தப்ரேஸ் தானே போட்டது. மின்விசிறிக் காற்றில் மருந்துச் சீட்டுகள் படபடக்கின்றன. நஜீர் கீபோர்டில் தட்டுகிறான். “மவுஸு மாட்னது மெஷினுக்குத் தெரியுதுக்கா. அத்த ஓட்ற டிரைவர் புரோகிராம்தான் ஏறமாட்டேங்குது.” கம்ப்யூட்டர் கிளம்பும்போது படிக்கும் ஒரு ஃபைலைத் திறக்கிறான். அவன் விரல்கள் நின்றுவிடுகின்றன. “இன்னாடா ஆச்சு?” என்கிறாள் ஜரினா. “மவுஸ் டிரைவர ஏத்தாதேன்னு ஒரு வரி எழுதிக் கீது. நேத்து சாயங்காலம், ஆறே முக்காலுக்கு.” இந்த வீட்டில் அப்படி எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான். நேற்று அந்நேரம் அவள் அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். இங்கே கிளிக், கிளிக் என்று வெகுநேரம் கேட்டது. நஜீர் கட்டில் பக்கம் குனிகிறான். “அந்த வரிய எடுத்துடவா மச்சான்?” கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் சரி என்று பொருள். தப்ரேஸ் கண்ணை இறுக மூடுகிறான். அவன் திறப்பதற்காக இருவரும் காத்திருக்கிறார்கள்.