குடைக்கல்

ஷர்லி ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள்.

பெட்ரோல் தீரவில்லை. டயர் பஞ்சராகவில்லை. பாலத்தின் முகப்பில் குடைக்கல் நிற்கிறது; அதனால் இறங்கினாள்.

முழங்கால் உயரத்துக்கு மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கல் அது. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறிக் கறுத்திருந்தது. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விரிந்து மண்ணுக்குள் இறங்கும் நான்கு கோடுகள். தங்கள் முன்னோருக்கு மன்னர் வழங்கிய வெண்கொற்றக்குடை முத்திரை அது என்று வடக்குத் தெரு வெள்ளைச்சாமியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. கேட்டவர்கள் நம்பினார்கள். நம்பாதவர்களும் இறங்கினார்கள்.

ஒரு காலத்தில் தெற்குத் தெருவார் அந்தக் கல்லருகே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள். மழையானாலும் குடையை மடக்கினார்கள். பிறகு சைக்கிள் வந்தது; அதிலிருந்து இறங்கினார்கள். இப்போது ஸ்கூட்டர். வாகனம் முன்னேறியது, வழக்கம் நின்ற இடத்திலேயே நின்றது.

இன்று யாரும் அதட்டுவதில்லை. அதட்ட ஆளின்றியே நடப்பதுதான் ஒரு வழக்கத்தின் முழு வெற்றி.

தெற்குத் தெருவில் பிறந்த ஷர்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரு தெருவாரின் இரத்தத்தையும் ஒரே நுண்ணோக்கியில் பார்க்கிறவள். நாளை இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். கல்லைக் கண்டதும் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும்.

அன்று பாலத்தருகே கூட்டம் நின்றது. பழைய கற்பாலத்தை இடித்துவிட்டுப் புதிய பாலம் கட்டப் போகிறார்கள். இடிப்பதற்கு முன், காக்க வேண்டிய பழம்பொருள் ஏதேனும் உண்டா என்று ஆராயத் தொல்லியல் அலுவலர் சத்யபிரியா வந்திருந்தார்.

கல்லுக்குக் காவலாக, விரித்த கறுப்புக் குடையோடு வெள்ளைச்சாமி நின்றார்.

"நல்லாத் தோண்டிப் பாருங்க மேடம். பாத்துட்டு, ராஜா குடுத்த குடைன்னு எழுதிருங்க. புதுப் பாலத்துலயும் இது இதே எடத்துல நிக்கணும்."

ஷர்லியின் விரல்கள் பிரேக்கை இறுக்கின. அப்படி எழுதிவிட்டால், கல்லில் இருந்த வழக்கம் கான்கிரீட்டில் ஏறிவிடும். நாளை அவள் மகளும் இறங்குவாள். கல்லைத் தாண்ட மனமின்றி வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக நின்றாள்.

மண் விலகியது. கல்லைச் சாக்கு விரிப்பின்மேல் படுக்க வைத்தார்கள். சத்யபிரியா மண்டியிட்டு, நீர் ஊற்றித் தூரிகையால் மெல்லத் தேய்த்தார்.

குடை நீண்டது. நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஒரு கோடு வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. குறுக்குக் கோடுகளின் முனைகளைப் பக்கத்துக்கு ஒரு கோடு இணைத்தது.

குடைக்குக் கட்டம் எதற்கு?

வெள்ளைச்சாமியின் மனைவி மீனம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இது நீங்க மந்தையில வெளாடுற ஆடுபுலிக் கட்டம்ல?"

முதலில் சிரித்துவிட்டவர் சத்யபிரியாதான்.

"ஆமாங்கம்மா. பாலத்துக்குக் கல்லு வெட்டுனவங்க மத்தியானச் சோத்துக்குப் பெறகு உக்காந்து வெளாடியிருப்பாங்க. படுக்கையாக் கெடந்த கல்லை, யாரோ பின்னாடி தூக்கி நட்டு வச்சுட்டாங்க."

அந்தப் பாலத்துக்குக் கல் வெட்டியவர்கள் தெற்குத் தெருவார். ஊரில் அதை மறுப்பார் எவருமில்லை. அதுநாள்வரை நினைப்பாரும் எவருமில்லை. வெட்டியவன் களைப்பாறக் கீறிய கோடு, அவன் பேரப்பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பு ஒரு கரையில் தொடங்கி மறு கரைக்குப் போயிற்று. இரு தெருவும் ஒன்றாகச் சிரித்து அந்தப் பாலம் கேட்டதில்லை.

ஷர்லியின் தந்தை சவரியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, தெரிந்தே தப்பாகச் சொன்னார்: "மூணு புலியும் கீழ் வரிசையில உக்காரும்."

வெள்ளைச்சாமியின் முகம் அதுவரை இருண்டிருந்தது. குடை பொய்யானதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆட்டத்தைத் தப்பாகச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் அவரை வென்றவர் கிடையாது. விரித்திருந்த குடையைப் படக்கென்று மடக்கி, அதன் நுனியால் கூம்பின் உச்சியைத் தொட்டார்.

"கூறு கெட்ட ஆளா இருக்கியே. புலி இங்கிட்டுல்ல உக்காரும்."

"அப்ப ஆடு எனக்குங்க. இன்னைக்கு ஒங்க புலியை அடைச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்."

குடைக்கல்லின் முன் குடையை மடக்கிய முதல் வடக்குத் தெருக்காரர் வெள்ளைச்சாமி. அதைக் கவனிக்க எவருக்கும் நேரமில்லை. எல்லாரும் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாலத்த தாராளமாக் கட்டலாம்," என்றார் சத்யபிரியா. "கல்லு மியூசியத்துக்கு. ஆட்டம் முடியட்டும், எடுத்துக்கிறேன்."

ஷர்லிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சிரிப்பு அடங்காமலே வண்டியைக் கிளப்பினாள். பாலத்தைத் தாண்டினாள். அக்கரைப் புளியமரம் வரை போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

வண்டியைத் திருப்பினாள்.

எதையும் அவள் மறந்து வைத்துவிட்டு வரவில்லை. இறங்க வேண்டும் என்பதைத்தான் மறந்திருந்தாள்.

இன்னொரு முறை போக வேண்டும்; இம்முறை மறக்காமல், இறங்காமல்.