எந்த எட்டரை?

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சிஸ்டர். அன்னிக்கு மருந்தை ஒரு தடவை ஏத்தினீங்களா, ரெண்டு தடவையா?" என்றார் தலைமை மருத்துவர்.

"ஒரு தடவைதான் சார். ராத்திரி எட்டரைக்கு." நர்ஸின் குரல் இறங்கியது. "ஆனா மூணு வாரமா வீட்ல உக்காந்து இதையே நினைச்சு நினைச்சு, இப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. காலையிலயும் ஏத்தித் தொலைச்சேனோன்னு."

ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே ஏற்ற வேண்டிய மருந்து அது. ஆனால் அன்றைய பதிவுகளில் அந்த மருந்துக்கு இரண்டு வரிகள் இருந்தன. வார்டு கம்ப்யூட்டர் '20:30' என்று எழுதியிருந்தது. மருந்து ஏற்றும் பம்ப் '8:30' என்று எழுதியிருந்தது. அன்று அவளுக்குக் காலையிலும் ட்யூட்டி, இரவிலும் ட்யூட்டி. அந்த மருந்து ஏற்றப்பட்ட பெரியவர் மறுநாள் இறந்துபோனார். அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்." மேசையின் மறுபக்கம் இருந்த மென்பொருள் பொறியாளர் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். "இது அந்த பம்ப் அன்னிக்கு ஏத்தின எல்லா மருந்தோட பதிவு. மேலேர்ந்து படிங்க."

மருத்துவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "7:10... 11:40... 1:15... 5:00... அப்புறம் 8:30."

"காலை எட்டரை எப்படி மத்தியானத்துக்குக் கீழ வரும்?"

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த பம்ப் பன்னிரண்டு வரைக்கும்தான் எண்ணும். காலையா ராத்திரியான்னு எழுதாது. வார்டு கம்ப்யூட்டர் இருபத்துநாலு வரைக்கும் எண்ணும். ஒரே ராத்திரி எட்டரையை ஆளுக்கொரு விதமா எழுதி வச்சிருக்கு. நாமதான் ரெண்டு வேளைன்னு படிச்சுட்டோம்."

நர்ஸ் எழுந்து வந்து திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். சற்று நேரம் எடுக்கவே இல்லை.

"அப்போ... நான் தப்புப் பண்ணலையா சார்?"

"பண்ணல சிஸ்டர்," என்றார் மருத்துவர்.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருத்துவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க."

அவள் தலையசைத்தாள். ஆனால் முகம் தெளியவில்லை.

"இன்னும் என்ன சிஸ்டர்?"

"அந்தப் பெரியவரோட மகனை நினைச்சாதான் சார்... ஆஸ்பத்திரியில கூட இருந்தது பொண்ணுதான். அவர் எங்கேயோ தூரத்துல இருந்துதான் புகார் அனுப்பினாராம். அப்பாவைக் கடைசியா பாக்கக்கூட முடியலையாம். மெஷின் நேரத்தை மாத்தி எழுதிடுச்சுன்னு போய்ச் சொன்னா, சாக்குச் சொல்றாங்கன்னுதானே நினைப்பார்? அவர் நம்புவாரா?"

மருத்துவர் பொறியாளரைப் பார்த்தார்.

பொறியாளர் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"நம்பிட்டேன் சிஸ்டர்," என்றார். "அந்தப் பெரியவர் எங்கப்பா."