பலகைத் தரை

வீட்டுக்காரர் ராஜமுருகன் பழனியிலிருந்து மலையேறி வந்துகொண்டிருந்தார். வாடகைக்கு இருக்கும் கித்தேரியம்மாள், உளுத்த பலகைத் தரையில் விழுந்திருந்த ஓட்டையின்மேல் கட்டிலை இழுத்துப் போட்டாள். போன வாரம் அதில்தான் மகள் ஜெனியின் கால் உள்ளே போய்ச் சதை கிழிந்தது.

“சொல்லிருவோம்மா. புதுசாப் போடட்டும்.”

“வாய மூடுடி. இந்தத் தெருவுல டைல்ஸ் போட்ட வீட்டுலெல்லாம் இப்ப யாரு இருக்கா? டூரிஸ்ட்டுதான். ஆள வெளிய தள்ளிட்டுத்தான போட்டாங்க.”

ராஜமுருகன் வாசலிலேயே நின்றார். “தரை எப்படிம்மா இருக்கு? மாத்தணுமா?”

“எதுக்குங்க சார்? கல்லு மாதிரி கெடக்கு. இன்னும் இருபது வருசம் தாங்கும்.”

“நெசமாவா?”

“மாதா மேல சத்தியமாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு. இப்ப வர்ற டூரிஸ்ட்டுக்கு டைல்ஸ் பிடிக்கலையாம். பழைய பலகைத் தரைதான் கேக்குறான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க.”

“ஐயோ, பொய் சொல்லிட்டேங்க சார்! எல்லாம் உளுத்துப்போய்க் கெடக்கு!”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப மாசக் கடைசி வரைக்கும் விட முடியாதே. நாளைக்கு வெள்ளனே பலகை மாத்த ஆசாரி வந்துருவாரு. அதுக்குள்ள சாமான எடுத்துருங்க.”