ஓடைக்குக் குறுக்கே ஒரு வலை

ஓடையோரம் மூன்று பல்லிகள், ஆளுக்கொரு சுவர். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு நாள் பொடிச் சிலந்தி ஒன்று வந்து மூன்றையும் கூப்பிட்டது.

"இந்த ஓடைக்குக் குறுக்கே வலை கட்டப் போறேன். முடியிற வரைக்கும் சாப்பாடு போடுங்க. விழுற பூச்சியில உங்களுக்கும் பங்கு."

"நீயே எனக்கு ஒரு வாய்க்குத்தான் காணுவே!" என்றது குண்டுப் பல்லி.

"தனியாப் போட்டாத்தானே நஷ்டமாயிடுமோன்னு பயம்? ஆளுக்கொரு பூச்சி போட்டுப் பார்ப்போமே," என்றது வாலறுந்த பல்லி.

போட்டன. முதல் வலையைக் காற்று கொண்டுபோனது.

"போச்சா!" என்று கத்தியது குண்டுப் பல்லி.

"காத்து எந்தப் பக்கம் வருதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது," என்றது சிலந்தி.

முணுமுணுத்துக்கொண்டே பல்லிகள் மறுபடியும் பூச்சி போட்டன.

ஒரு விடியலில் பல்லிகள் எட்டிப் பார்த்தன. கீழே தண்ணீர் ஓட, மேலே அந்தரத்தில், கரைக்குக் கரை வலை நின்றது. இழையெல்லாம் பனித்துளி. பூச்சிகள் நிறையச் சிக்கியிருந்தும் யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை.

குண்டுப் பல்லி மெல்லச் சொன்னது: "என் சுவர் இடுக்கில இன்னொரு சிலந்தி இருக்கு. என்னமோ புதுசாக் கட்டப் போறேன்னு சொல்லிச்சு. நேத்து அதை முழுங்கப் பார்த்தேன்... கூட்டிட்டு வரட்டுமா?"